ஸ்கூல் மியூசிக்கலுக்கு கம்மி செலவுல ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ்: எதைப் பண்ணலாம், எதைத் தொடவே கூடாது?

கேள்வி: 4 ஜூலை 2023, மாலை 6:10

ஸ்கூல்ல ஒரு மியூசிக்கல் போடறோம். 8 வயசுலேர்ந்து 15 வயசு வரைக்கும் பசங்க, கோரஸையும் சேத்தா பெரிய கூட்டம். கதையில புயல் வருது, படகு கவிழுது, செத்துப்போன பாட்டி ஒரு பாட்டுக்கு வந்துட்டுப் போறாங்க, கடைசியில குடிசை தீப்பிடிக்குது. கையில காசு இல்ல, இருக்கறதுல பாதி லைட்டுக்கே போயிடும். ஒருத்தர் ட்ரை ஐஸ் கொண்டு வரேங்கறார், ஒருத்தர் படபடன்னு விட்டு விட்டு எரியற ஸ்ட்ரோப் லைட் இருக்குங்கறார், இன்னொருத்தர் தீப்பொறி பறக்கற மாதிரி சின்னதா ஒண்ணு வச்சாப் போதும், சேஃப்தான்னு சொல்றார். எனக்கு பயமாவும் இருக்கு, பிரமாண்டமாவும் வேணும். ரெண்டும் சேந்து நடக்குமா?

5 ஜூலை 2023, காலை 7:25

நடக்கும். ஆனா தீப்பொறிக்காரர்கிட்ட இன்னிக்கே வேணாம்னு சொல்லிடுங்க, அதுல பேச்சுக்கே இடமில்ல. மேடைன்னா துணி, அட்டை, பிளைவுட், தெர்மகோல், பெயின்ட், அதுக்கு நடுவுல நைலான் டிரஸ் போட்ட பசங்க. 1903 டிசம்பர் 30ஆம் தேதி சிகாகோவுல இராக்வாய் தியேட்டர்னு புதுசா திறந்த அரங்கத்துல லீவு நாள் மதியக் காட்சி, அதுவும் ஒரு மியூசிக்கல்தான், பாக்க வந்தவங்கள்ல நிறைய பேர் அம்மாக்களும் குழந்தைகளும். கதையில ராத்திரி நடக்கற ஒரு பாட்டுக்கு வச்சிருந்த ஆர்க் லைட்லேர்ந்து ஒரு பொறி திரைத்துணியில பட்டுச்சு. தீயைத் தடுக்கறதுக்குன்னே இருந்த திரை பாதியில சிக்கிக்கிச்சு, கதவுங்க பல பக்கம் பூட்டியிருந்துச்சு, 600 பேருக்கு மேல செத்தாங்க. அங்க யாரும் வாணம் விடல, வெறும் லைட்டு. 2003ல அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல ஒரு கிளப்புல கச்சேரி ஆரம்பிக்கறப்ப கொளுத்தின தீப்பொறி சுவத்துல ஒட்டியிருந்த ஃபோம்ல பிடிச்சு 100 பேர் போயிட்டாங்க. "சின்னதுதான், சேஃப்தான்"னு சொல்றவருக்கு பதில் சொல்ல உங்க கையில ஏதாவது இருக்கணும், அதுக்குத்தான் இவ்வளவும் எழுதறேன்.

இன்னொரு விஷயமும் இப்பவே சொல்லிடறேன், பின்னாடி எழுதப்போற எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை. மெஷின் தேடறதுக்கு முன்னாடி உங்க கோரஸைப் பாருங்க. ஒரு பாட்டுக்கு வந்து ஆடிட்டு மீதி நேரம் பூரா விங்ஸ்ல (மேடையோட ரெண்டு பக்க மறைவுல) கால் மாத்தி கால் மாத்தி நிக்கற பசங்கதான் உங்க எஃபெக்ட்ஸ் டிபார்ட்மென்ட். ஸ்கூல் மேடைங்களுக்கு லைட்டும் எஃபெக்ட்டும் பாத்துக்கற வேலையில நான் ரொம்ப வருஷமா இருக்கேன், பசங்க கையால பண்ணின கடலுக்கு விழுந்த கைதட்டல் எந்த மெஷினுக்கும் விழுந்து நான் பாக்கல.

5 ஜூலை 2023, காலை 7:50

எழுத விட்டது ஒண்ணு. புகைக்குப் பதிலா மாவு, பவுடர் தூவறது. செலவே இல்லன்னு யாராவது இந்த ஐடியாவோட கட்டாயம் வருவாங்க. காத்துல தூளா பரவின எந்த மாவும் பத்திக்கும், குபீர்னு பத்திக்கும். 2015 ஜூன் 27 தைவான்ல ஒரு வாட்டர் பார்க் விழாவுல மேடையிலேர்ந்து சோளமாவு கலந்த கலர் பவுடரை கூட்டத்து மேல அடிச்சாங்க, அது பத்திக்கிட்டு 15 பேர் செத்தாங்க, சுமார் 500 பேருக்கு தீக்காயம். சூடான ஹாலஜன் லைட்டுக்கு முன்னாடி மாவு தூவற ரிகர்சலை நானே ஒரு தடவை ஓடிப்போய் நிறுத்தியிருக்கேன். தீ ஒரு பக்கம் இருக்கட்டும், பாடற பிள்ளை அந்தத் தூளை மூச்சுல இழுக்கும், அது ஒண்ணே போதும் வேணாங்கறதுக்கு.

5 ஜூலை 2023, இரவு 10:05

ட்ரை ஐஸ் பத்தி. பாக்க அழகா இருக்கும், தரையோட ஒட்டி மேகம் ஓடும், அதுக்காகத்தான் எல்லாரும் ஆசைப்படறாங்க. ஆனா அது உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி, வெறுங்கையால தொட்டா தோல் போயிடும். அதை விடப் பெரிய பிரச்சனை கண்ணுக்குத் தெரியாதது. ஒரு கிலோ ட்ரை ஐஸ் கரைஞ்சா 500 லிட்டருக்கு மேல வாயு வரும், அது காத்தை விட ஒண்ணரை மடங்கு கனம், அதனால கீழதான் போய் தேங்கும். மேடையில படுத்திருக்கற பிள்ளை, மேடைக்கு முன்னாடி பள்ளத்துல உக்காந்து வாசிக்கற பசங்க, மேடைக்கு அடியில ஒளிஞ்சிருக்கறவன், எல்லாரும் அந்த மட்டத்துலதான் இருக்காங்க. வெள்ளையாத் தெரியற மேகம் வெறும் தண்ணித் துளிதான், அது கலைஞ்சு போனப்புறமும் வாயு அங்கயே நிக்கும். மூடி போட்ட பாட்டில்லயோ டப்பாவுலயோ வச்சா அழுத்தத்துல வெடிக்கும். உங்க கதையில படகு கவிழ்ந்தவுடனே பசங்க தரையில கிடப்பாங்கன்னு நினைக்கறேன், அப்படின்னா ட்ரை ஐஸ் வேணவே வேணாம்.

வாடகைக்கு கிடைக்கற சாதாரண ஸ்மோக் மெஷின், அதாவது கிளைக்காலும் தண்ணியும் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஊதறது, அது பரவால்ல. ஆனா அதுக்கும் சில கண்டிஷன் இருக்கு. அந்த மெஷினுக்குன்னு விக்கற திரவத்தைத் தவிர வேற எதையும் ஊத்தக் கூடாது, வாசனைக்குன்னு எதையாவது கலக்கறவங்க இருக்காங்க. ஆஸ்துமா உள்ள பசங்க யார் யாருன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க. மெஷின் வாய்க்கு முன்னாடி தரை மெல்ல மெல்ல வழுக்க ஆரம்பிக்கும், அங்க ஒரு பழைய ஜமுக்காளம் போட்டுட்டு பசங்க நடக்கற வழியை மாத்திடுங்க. ஹால்ல ஸ்மோக் டிடெக்டர் இருந்தா பொறுப்புல இருக்கறவங்ககிட்ட முதல்லயே பேசிடுங்க, யாருக்கும் சொல்லாம நீங்களா அதுக்கு பிளாஸ்டிக் கவர் மாட்டி மூடாதீங்க.

6 ஜூலை 2023, காலை 6:40

ராத்திரி எழுதினதைப் படிச்சுட்டு ஒரு சந்தேகம், உங்களுக்கு புகை எதுக்கு? பாட்டி வர்ற பாட்டுக்குன்னா அது மெதுவான, சத்தம் குறைஞ்ச பாட்டா இருக்கும். ஸ்மோக் மெஷின் ஊதறப்ப உஸ்ஸ்னு ஒரு சத்தம் வரும், அது பாட்டோட முதல் வரியைத் தின்னுடும். பாடறவங்களுக்குத் தொண்டையும் காயும். பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முந்தி, பெரிய இசை ஓடறப்பவே ஊதி முடிச்சுடணும், இல்லன்னா புகையே வேணாம்னு விட்டுடணும்.

கிணறு, பானை மாதிரி சின்ன இடத்துலேர்ந்து புகை வந்தாப் போதும்னா, அழகுத் தொட்டிகள்ல போடற அல்ட்ராசோனிக் மிஸ்ட் தகடு இருக்கு. அது தண்ணியை அதிர வச்சு குளிர்ந்த பனியாக்கும், சூடே கிடையாது. தண்ணியை தினமும் மாத்துங்க, தேங்கின தண்ணியில வளர்ற கிருமியும் அந்தப் பனியோட சேந்து காத்துல வரும். கரண்ட் சமாச்சாரம்கறதால பானையைத் தூக்கிட்டு ஆடற சீன்ல வேணாம்.

6 ஜூலை 2023, மதியம் 1:15

ஸ்ட்ரோப் வேணாம்.

காரணம் கேப்பாங்க. வலிப்பு நோய் உள்ளவங்கள்ல 100க்கு ஒரு 3 பேருக்கு விட்டு விட்டு எரியற வெளிச்சத்தால வலிப்பு வரும், அதுலயும் பிள்ளைங்களுக்கும் டீன் ஏஜ் பசங்களுக்கும்தான் அதிகம். பல பேருக்கு முதல் தடவை வர்ற வரைக்கும் தங்களுக்கு அது இருக்கறதே தெரியாது. 1997 டிசம்பர் 16 ஜப்பான்ல ஒரு டிவி கார்ட்டூன்ல சிவப்பும் நீலமும் வேகமா மாறி மாறி வந்த சில நொடிகளைப் பாத்துட்டு 600க்கு மேல பிள்ளைங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. உங்க மேடையில பசங்க, கீழ உக்காந்திருக்கறதும் முக்கால்வாசி பசங்க. மின்னலுக்கு வேற வழி இருக்கு, ராத்திரி எழுதறேன்.

6 ஜூலை 2023, இரவு 9:30

புயல். எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது, அதனால நீளமாப் போகும்.

மழையை கோரஸ்கிட்ட குடுங்க. மேடையோட ஒரு ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சு முதல்ல உள்ளங்கையைத் தேய்ப்பாங்க, அது தூரத்துல காத்து. அப்புறம் ஒவ்வொருத்தரா விரல் சொடுக்குவாங்க, ஒரே நேரத்துல சொடுக்கக் கூடாது, ஒழுங்கு இல்லாம வரணும், அதுதான் முதல் தூறல். அப்புறம் ரெண்டு கையாலயும் தொடையில தட்டறது, அதுக்கப்புறம் கால். ஓரத்துலேர்ந்து ஓரத்துக்கு ஒவ்வொண்ணும் அலையா நகரணும், நடத்தறவங்க கையை நீட்டி மெதுவா மேடையைக் கடந்தாப் போதும், கை யாருக்கு நேரா வருதோ அவங்க மாத்துவாங்க. திரும்பிப் போறப்ப அதே வரிசை தலைகீழா வந்து மழை விடும். ஹால்ல கண்ணை மூடிக்கிட்டு கேட்டா மேலே கூரையில பெய்யற மாதிரியே இருக்கும். 8 வயசுப் பசங்க இதை ஒரே கிளாஸ்ல கத்துக்கறாங்க.

இடிக்கு மெல்லிசான தகர ஷீட், ஆள் உயரத்துக்கு. மேல ரெண்டு ஓட்டை போட்டு கயிறு கட்டி விங்ஸ்ல தொங்க விடணும், கீழ் விளிம்புல ஒரு மரச்சட்டத்தை வச்சு ஸ்க்ரூ பண்ணிட்டா அதுதான் கைப்பிடி. லேசா ஆட்டினா உறுமும், உதறினா வெடிக்கும். விளிம்பு பூரா தடிமனான டேப் சுத்தணும், தகரம் கையை அறுத்துடும். கட்டற இடம் கெட்டியா இருக்கணும், கயிறு அறுந்தாலும் யார் மேலயும் விழாத இடமாப் பாருங்க. ஆட்டற பிள்ளைக்கு காதுல அடைப்பு வேணும். நான் பாத்த ஒரு நாடகத்துல இந்த வேலையைப் பண்ணின பையன்கிட்ட அவங்க அம்மா நீ என்ன ரோல்டான்னு கேட்டாங்க, அவன் நெஞ்சை நிமிர்த்தி "நான்தான் இடி"ன்னான். அவங்க அவன் எங்க நிக்கறான்னு பாக்க விங்ஸ் பக்கமே எட்டி எட்டிப் பாத்துட்டு இருந்தாங்க.

மின்னலுக்கு வெள்ளை எல்இடி ஃப்ளட் லைட். ஹாலஜன் சரிப்படாது, அதோட இழை சூடாகி எரிய நேரம் எடுக்கும், அணையறப்பவும் மெதுவா மங்கும், மின்னலோட வெட்டு வராது. எல்இடி சட்டுனு வந்து சட்டுனு போகும். ஸ்விட்சைத் தட்டறதை விட, லைட்டை எரிய விட்டுட்டு அதுக்கு முன்னாடி ஒரு அட்டைக் கதவு வச்சு அதைத் திறந்து மூடுங்க, கைக்கு நல்லா அடங்கும். ஒண்ணு நீளமா, ஒண்ணு குட்டையா, ரெண்டு வெட்டோட நிறுத்துங்க, ஒரு நொடிக்குள்ள மூணு தடவைக்கு மேல எந்த வெளிச்சமும் வெட்டக் கூடாது. லைட்டு சைடுலேர்ந்து மேடை மேல விழணும், பாக்கறவங்க கண்ணுல இல்ல.

அப்புறம் இடைவெளி. சத்தம் ஒரு நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், ஒரு கிலோமீட்டர் தள்ளி விழற மின்னலோட இடி மூணு நொடி கழிச்சுதான் காதுக்கு வரும். அதனால முதல் மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல நாலு நொடி விடுங்க, அடுத்ததுக்கு ரெண்டு, அதுக்கடுத்து ஒண்ணு, படகு கவிழறப்ப ரெண்டும் ஒண்ணா. புயல் கிட்ட வருதுன்னு யாரும் வசனத்துல சொல்ல வேண்டாம், உக்காந்திருக்கறவங்களுக்கு உடம்புலயே தெரியும். இதுக்கு ஒரு காசு செலவு கிடையாது.

7 ஜூலை 2023, காலை 7:00

மேல சொன்ன இடைவெளியில ஒரு திருத்தம். இது மியூசிக்கல், கீழ இசை ஓடிட்டு இருக்கும், நொடிக்கணக்கு வச்சா இடி தாளத்துக்கு நடுவுல போய் விழும். நொடியை விட்டுட்டு கவுன்ட்ல சொல்லுங்க. நிமிஷத்துக்கு 120 தாள அடி வேகத்துல ஒரு எட்டு கவுன்ட் நாலு நொடி. முதல் இடி எட்டு கவுன்ட் தள்ளி, ரெண்டாவது நாலு, மூணாவது ரெண்டு. பசங்களுக்கும் இதுதான் சுலபம், டான்ஸுக்கு ஏற்கனவே எட்டு எட்டாத்தான் எண்ணிட்டு இருக்காங்க.

7 ஜூலை 2023, இரவு 8:45

கடல். நீளமான லேசான துணி ரெண்டு, ஒண்ணு அடர்நீலம், ஒண்ணு கொஞ்சம் பச்சை கலந்தது. மேடை அகலத்தை விட கொஞ்சம் நீளமா இருக்கணும், லைனிங் துணி போதும். ரெண்டு விங்ஸ்லயும் முட்டி போட்டு உக்காந்த பசங்க மாத்தி மாத்தி ஆட்டுவாங்க, ஒண்ணு ஏறறப்ப இன்னொண்ணு இறங்கணும். ரெண்டு துணிக்கும் நடுவுல இருக்கற சந்துலதான் படகு போகும், அந்தச் சந்துலதான் பிள்ளை முங்கும். அலை பெருசாகணும்னா கையை உயரத் தூக்கறதை விட மெதுவா தூக்கறது முக்கியம், பசங்க வேகமா ஆட்டுவாங்க, வேகமா ஆட்டினா துணி படபடக்கும், அலை தெரியாது. லைட்டை முன்னாடிலேர்ந்து போட்டா தட்டையாத் தெரியும், சைடுல இடுப்பு உயரத்துலேர்ந்து போடுங்க, ஏறற பக்கம் வெளிச்சமாவும் இறங்கற பக்கம் இருட்டாவும் தெரிஞ்சு தண்ணி வந்துடும்.

துணி மேல யாரும் கால் வைக்கக் கூடாது, அது பனிக்கட்டி மாதிரி வழுக்கும். நடுவுல முங்கற பிள்ளைக்கு வெறுங்கால்.

8 ஜூலை 2023, காலை 11:20

பாட்டி ஆவியா வர்றதுக்கு கண்ணாடி வச்சு பண்ணலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அது பெப்பர் கோஸ்ட். 1862 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் லண்டன் ராயல் பாலிடெக்னிக்ல ஜான் ஹென்றி பெப்பர் காட்டினது, மூல யோசனை ஹென்றி டிர்க்ஸோடது. பெரிய கண்ணாடியை 45 டிகிரி சாய்ச்சு வச்சு, பாக்கறவங்களுக்குத் தெரியாத இடத்துல நிக்கற ஆள் மேல மட்டும் வெளிச்சம் போட்டா அவங்க பிம்பம் மேடையில மிதக்கும். வெளிச்சத்தைக் குறைச்சா கரைஞ்சு போகும். அருமையான விஷயம், ஆனா ஆள் உயரத்துக்கு கண்ணாடியை பசங்க ஓடற மேடையில வைக்கறதை நினைச்சாலே எனக்கு ஒத்துக்கல. பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டினா சுருக்கம் விழுந்து முகம் கோணும். சின்னதா ஒரு பெட்டிக்குள்ள அக்ரிலிக் துண்டு வச்சு விளக்கோ பூவோ தோணி மறையற மாதிரி பண்ணலாம், அது நல்லா வரும்.

பாட்டிக்கு வலைத்துணி போதும். கொசுவலைத் துணியை மேலேர்ந்து கீழ வரைக்கும் இழுத்துக் கட்டுங்க. முன்பக்கம் லைட்டு விழறப்ப அது சுவர் மாதிரி நிக்கும், அதுல மரமோ ஜன்னலோ வரைஞ்சுக்கலாம். முன் லைட்டைக் குறைச்சு பின்னாடி இருக்கற ஆள் மேல லைட்டை ஏத்தினா துணி மறைஞ்சு ஆள் தெரிவாங்க. முன்னாடி போடற லைட்டு நேரா அடிக்கக் கூடாது, நேரா அடிச்சா ஓட்டை வழியாப் போய் பாட்டி காத்துட்டு நிக்கறதையும் காட்டிடும். மேலேர்ந்தோ சைடுலேர்ந்தோ சரிவா, துணியை உரசிட்டுப் போற மாதிரி விழணும். பின்னாடி கறுப்புத் துணி கட்டாயம். நைலான் வலைங்கறதால ஹாலஜன் பக்கத்துல வராம பாத்துக்கங்க, உருகிடும்.

லைட்டு மாறற வேகம்தான் எல்லாம். டிம்மரைத் தள்ளற பிள்ளைகிட்ட "பாட்டியோட முதல் வரி முழுசும் எடுத்துக்க"ன்னு சொல்லுங்க. முதல் வார்த்தை கேக்கறப்ப யாரும் தெரியக் கூடாது, வரி முடியறப்ப அவங்க நிக்கணும். ரிகர்சல்ல இதைப் பாத்து விங்ஸ்ல நின்ன பசங்களே மூச்சை இழுத்தாங்க, பின்னாடி நிக்கறது யாருன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும், இருந்தும்.

8 ஜூலை 2023, மதியம் 3:40

குடிசை தீ. ஜன்னலுக்கு உள்பக்கம் கீழ ஒரு சின்ன ஃபேன், கம்பி மூடி உள்ளது. அது மேல நாக்கு நாக்கா வெட்டின மெல்லிசான பட்டுத்துணி, அடியிலேர்ந்து ஆரஞ்சும் சிவப்புமா எல்இடி. துணியை கம்பியில கட்டறப்ப ஃபேன் இறக்கைக்குள்ள போகாத நீளமாப் பாத்துக்கங்க. இன்னும் நல்லா வர்றது முகத்துல விழற வெளிச்சம்தான். அலுமினியம் ஃபாயிலை நல்லாக் கசக்கி, விரிச்சு, அட்டையில ஒட்டுங்க. எல்இடி டார்ச் முன்னாடி ஆரஞ்சு செலோபேன் வச்சு அந்த ஃபாயில் மேல அடிச்சு, அட்டையை நடுங்க நடுங்க ஆட்டினா தெறிக்கற வெளிச்சம் பசங்க முகத்துல தீ மாதிரியே அலையும். ஹால் தீயைப் பாக்க வேண்டியதே இல்ல, தீயைப் பாக்கற முகத்தைப் பாத்தாப் போதும். கலர் செலோபேனை ஹாலஜன் மேல மட்டும் ஒட்டிடாதீங்க, கொஞ்ச நேரத்துலயே உருகிப் புகையும். அது நிஜத் தீ ஆயிடும்.

கரண்ட் பத்தி இங்கயே. எக்ஸ்டென்ஷன் வயரை சுருளோட வச்சு பெரிய லோடு போடாதீங்க, சுருள் உள்ளுக்குள்ளயே சூடேறும், முழுசாப் பிரிச்சு விடணும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இன்னொண்ணு, அதுல இன்னொண்ணு கூடவே கூடாது. மேடைக்குப் போற லைன்ல 30 மில்லிஆம்பியர்ல கட் ஆகற ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கற ஸ்விட்ச்) இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சுப் பாத்து, அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை அமுக்கச் சொல்லுங்க. பசங்க நடக்கற வழியில வயர் போனா முழு நீளத்துக்கும் டேப் ஒட்டணும், அங்கங்க ஒரு துண்டு ஒட்டினா அந்த இடைவெளியிலதான் கால் மாட்டும்.

9 ஜூலை 2023, இரவு 11:00

நாலு நாளா எழுதினதைத் திரும்பிப் படிச்சேன், ரொம்ப முக்கியமானதை இன்னும் எழுதல. இருட்டு.

ஸ்கூல் மேடையில நான் பாத்த அடிபடல் எல்லாமே கிட்டத்தட்ட எஃபெக்ட் முடிஞ்ச அடுத்த சில நொடியிலதான். மின்னல் அடிக்கும், அடுத்து பிளாக்அவுட், பசங்க ஓடி வெளிய போகணும். பளீர்னு வெளிச்சம் பாத்த கண்ணு இருட்டுக்குப் பழக நேரம் வேணும், முழுசாப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், அந்த அஞ்சு நொடியில அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரு ஸ்கூல்ல இதே மாதிரி வெளிச்சம், இருட்டு, ஓட்டம், ஒரு பொண்ணு மேடை விளிம்பைத் தாண்டி கீழ விழுந்துட்டா. கை உடைஞ்சுது. லைட்டும் சேஃப், சவுண்டும் சேஃப், எல்லாத்தையும் செக் பண்ணியிருந்தாங்க. இருட்டை யாரும் ஒரு எஃபெக்ட்டா நினைக்கல. அதுக்கப்புறம் எந்த மேடைக்குப் போனாலும் நான் முதல்ல கேக்கற கேள்வி, எங்கெல்லாம் பிளாக்அவுட், அப்ப யார் நகர்றாங்க.

அதனால பெரிய வெளிச்சத்துக்கு அப்புறம் முழு இருட்டு வேணாம். மங்கலான நீல வெளிச்சத்துல கொஞ்சம் நிக்கட்டும், பாக்கறவங்களுக்கு அது இருட்டாத்தான் படும். முழு இருட்டு வேணும்னா யாரும் நகராம எட்டு கவுன்ட் சிலையா நிக்கணும். மேடை விளிம்பு, படிக்கட்டு, செட்டோட மூலைங்க எல்லாத்துலயும் இருட்டுல மின்னற டேப். அந்த டேப் வெளிச்சத்தை உள்ள வாங்கித்தான் திருப்பிக் குடுக்கும், ஷோவுக்கு முன்னாடி மேடை லைட்டை நல்லா எரிய விடலன்னா அது மின்னாது, இதைப் பல பேர் விட்டுடறாங்க. விங்ஸ்ல நீல பல்பு, அதுவும் மங்கலா. பசங்களை வெளிச்சத்துல எந்த வழியா வெளிய போறாங்களோ அதே வழியா, அதே எண்ணிக்கை அடியில, திரும்பத் திரும்ப நடக்க வைங்க, கால் ஞாபகம் வச்சுக்கும்.

10 ஜூலை 2023, காலை 8:10

கேட்டவங்க புதுசா ரெண்டு கேட்டிருக்காங்க. தேவதை பறக்கணுமாம், லேசரும் வேணுமாம். கயிறு கட்டி பிள்ளையைத் தூக்கறது அதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்க வேலை, ஹால் கூரையில என்ன தாங்கும்னே நமக்குத் தெரியாது. வேண்டாம். கறுப்புத் துணிக்கு முன்னாடி கறுப்பு டிரஸ், கறுப்பு கையுறை, கறுப்பு முகமூடி போட்ட ரெண்டு பசங்க ஒரு பெரிய பொம்மைத் தேவதையைத் தூக்கிட்டு ஓடட்டும், யூவி (புற ஊதா) லைட்டு மட்டும் எரியட்டும். வெள்ளைத் துணி தானா மின்னும், துவைக்கற பவுடர்ல வெள்ளையாக் காட்டறதுக்குன்னு சேக்கறது யூவியில நீலமா ஒளிரும். கறுப்புக்கு வெல்வெட் மாதிரி வெளிச்சத்தை விழுங்கற துணி வேணும், பாலியஸ்டர் கறுப்பு பளபளன்னு காட்டிக்குடுக்கும். ஃப்ளோரசன்ட் பெயின்ட்டை துணியிலயும் அட்டையிலயும் அடிங்க, தோலுக்குன்னு செஞ்சது இல்லன்னா முகத்துல பூசக் கூடாது. விளக்கையே உத்துப் பாக்க வேணாம்னு பசங்ககிட்ட சொல்லிடுங்க.

லேசர் வேணாம். மலிவா கிடைக்கற பாயின்டர்கள்ல மேல ஒரு பவர் எழுதியிருக்கும், உள்ள அதை விட அதிகமா இருக்கும்.

10 ஜூலை 2023, இரவு 9:50

7ஆம் தேதி கவுன்ட்ல போகச் சொன்னேன்ல, அதுக்கு ஒரு விதிவிலக்கு. புகை கவுன்ட்டுக்குக் கட்டுப்படாது. உங்க ஹால்ல புகை விங்ஸ்லேர்ந்து நடு மேடைக்கு வர 12 நொடி ஆகுதுன்னு வைங்க, ரிகர்சல் வேகத்துல அது மூணு எட்டு. ஷோ அன்னிக்கு பசங்க பரபரப்புல எல்லாப் பாட்டையும் வேகமாத்தான் பாடுவாங்க, வாசிக்கறவங்களும் கூடவே ஓடுவாங்க. பாட்டு சீக்கிரம் வந்துடும், புகை அதோட நேரத்துக்குத்தான் வரும். அதனால ஒரு எட்டு முன்னாடியே ஊதுங்க. ஃபேன், கூரை ஏசி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு ஆளுங்க நிறைஞ்ச ஹால்ல பாக்கறதும் வெறும் ஹால்ல பாக்கறதும் வேற வேற, கடைசி ரிகர்சலுக்கு சின்ன வகுப்புப் பசங்களைக் கூப்பிட்டு உக்கார வைங்க.

துணி, தகரம், கைதட்டல் இதுக்கெல்லாம் இந்தத் தொல்லையே இல்ல. பசங்க பாட்டைக் கேட்டுட்டே பண்றாங்க, பாட்டு ஓடினா அவங்களும் ஓடுவாங்க. பாடற பொண்ணு ஒரு வரியை மறந்து நின்னுட்டப்ப கடல் ஆட்டற பசங்க துணியைத் தாழ்த்தி லேசா ஆட்டிக்கிட்டே காத்திருந்து, அவ பிடிச்சுக்கிட்டதும் திரும்ப உயர்த்தினதை என் கண்ணால பாத்தேன். யாரும் சொல்லிக் குடுக்கல. எந்த மெஷின் இதைப் பண்ணும்?

11 ஜூலை 2023, காலை 6:55

விட்டுப்போன சில்லறை. நிறுத்துன்னு சொல்றதுக்கு ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தை கேட்டா பாட்டு, லைட்டு, துணி எல்லாம் நிக்கணும், ஹால் லைட்டு எரியணும். ரிகர்சல்ல ஒரு தடவையாவது சும்மாவே சொல்லிப் பாக்கணும். வெளிய போற கதவுங்க ஷோ நேரத்துல பூட்டாம இருக்கான்னு அந்த ஆளே நடந்து போய்த் தள்ளிப் பாக்கணும்.

வாசல்லயும் நிகழ்ச்சி நிரல்லயும் புகை, பளீர் வெளிச்சம், பெரிய சத்தம் இருக்குன்னு எழுதிடுங்க, எந்தப் பாட்டுலன்னும் போடுங்க. சத்தம் ஆகாத பிள்ளைங்களோட வர்றவங்க அந்த நேரத்துல வெளிய கூட்டிட்டுப் போக அது உதவும். வெளிச்சத்தால யாருக்காவது ஒரு மாதிரி வந்தா ஒரு கண்ணை உள்ளங்கையால முழுசா மூடிக்கிட்டு வேற பக்கம் திரும்பச் சொல்லுங்க, ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடறதை விட அது நல்லது.

கடைசிப் பாட்டுக்கு பேப்பர் தூவறதா இருந்தா மினுமினுப்புத் தூள் வேணாம், கண்ணுல விழும். காத்து அழுத்தத்துல வெடிக்கற குழாயும் வேணாம். நீளத் துணியில அங்கங்க கீறல் போட்டு தொட்டில் மாதிரி மேல கட்டி, டிஷ்யூ பேப்பர் துண்டுகளை நிரப்பி, ஒரு கயிறால ஆட்டினாப் போதும். தரையில விழுந்தது வழுக்கும், அதனால அது விழுந்தப்புறம் ஆட்டம் இருக்கக் கூடாது, வணக்கம் மட்டும்.

எல்லாம் முடிஞ்சதும் வலைத்துணியை மடிக்காதீங்க, ஒரு பைப்புல சுருட்டி வைங்க. மடிப்பு விழுந்தா அடுத்த வருஷம் சைடு லைட்டு போட்டவுடனே கோடு கோடாத் தெரியும்.